வரிசையில் நின்ற டப்பா

அறுபதுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. பம்பாய் தாராவியில் எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு பொதுக் கக்கூஸ் இருந்தது. அதன் வாசலில் உட்கார்ந்து காசு வாங்குவது என் வேலை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ஊரிலும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. ஹோட்டலில் மேஜை துடைத்தேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். தாராவிக்குத் தோல் வேலை தேடி வந்தேன், கிடைத்தது இதுதான்.

ஆறு கதவு. ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு மூன்று. முன்பெல்லாம் கதவே கிடையாது, உள்ளே கால் வைக்கவும் முடியாது. தோல் பதனிடும் இடத்து மேஸ்திரி ஒருவர் முன்னின்று கதவு போட்டார், தண்ணீர்த் தொட்டி கட்டினார், கழுவுவதற்குக் கணவன் மனைவி இருவரை அமர்த்தினார். அவர்கள் சம்பளத்துக்காகத் தடவைக்கு இரண்டு பைசா என்று சந்தே கூடி முடிவெடுத்தது. அப்புறம் கதவைத் திறந்தால் தரை தெரிந்தது. தரை என்று ஒன்று இருந்ததே எங்களுக்கு அதற்கு முன் தெரியாது. அதனால் காசு வாங்குவதில் எனக்குக் கூச்சமே இல்லை.

விடியற்காலையில் அந்த இடம் கனவு மாதிரி இருக்கும். பக்கத்தில் குயவர்களின் சூளைப் புகை, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழியிலிருந்து எழும் பனி, இரண்டும் கலந்து சந்து முழுவதையும் மூடிவிடும். அந்த வெள்ளைக்குள் ஆட்கள் இல்லாமல் டப்பாக்கள் மட்டும் வரிசையாக நிற்கும். வனஸ்பதி டப்பா, பெயின்ட் டப்பா, பிடி உடைந்த அலுமினியப் போணி. தண்ணீர் பிடித்து டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு, அவரவர் அடுப்புப் பற்றவைக்கப் போய்விடுவார்கள். வரிசை நகர நகரப் பின்னால் நிற்பவர் முன்னால் உள்ள டப்பாவையும் சேர்த்து நகர்த்துவார். டப்பா நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை வரிசையை விட்டு எடுப்பது, ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். சண்டைக்காரர்கள்கூட அதைச் செய்ய மாட்டார்கள்.

நான் செய்தேன்.

எங்கள் சந்தில் ஒரு அக்கா இருந்தார். தோல் கழுவும் வேலை. கணவர் கப்பல் துறையில், வாரம் ஒருமுறை வருவார். பச்சை பெயின்ட் டப்பா அவருடையது. அன்று அவருக்கு வயிற்றுப்போக்கு. விடிவதற்குள் இரண்டு தடவை காசு கொடுத்துப் போய்விட்டார். மூன்றாம் தடவை டப்பாவை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கையில இல்ல. சாயந்தரம் தாரேன்."

"சாயந்தரம் சாயந்தரம்னு எல்லாரும் சொன்னா நான் யார்ட்டக்கா போய் நிப்பேன்?"

"வயிறு கேக்காதுலா தம்பி."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பதாக எனக்குப் பட்டது. எழுந்து அந்தப் பச்சை டப்பாவை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். அக்கா டப்பாவை எடுக்கவில்லை. பனிக்குள் நடந்தார்; நாலு எட்டில் மறைந்துவிட்டார்.

வரிசை பாதி தீர்ந்தது. சுவரோரம் பச்சை டப்பா மட்டும் தண்ணீரோடு அப்படியே நின்றது. அக்காவின் அடுத்த வீட்டுக்காரம்மா அதைப் பார்த்தார்.

"ஏவே, இந்த டப்பாக்காரி எங்க?"

நான் கழிப்பக்கம் கையைக் காட்டினேன். டப்பா இல்லாமல் போனால் அங்கேதான் போவார்கள். அங்கே கழுவ உப்புத் தண்ணீர் இருக்கும்.

"பாவி, இப்ப பர்த்தி ஏறுற நேரம்லா!"

கடல் ஏற்றத்தைப் பம்பாயில் பர்த்தி என்பார்கள். காய்ச்சல் வந்தவள் மாதிரி நடுங்கிக்கொண்டு போன ஒரு பெண், முழங்கால் சேறு, ஏறுகிற தண்ணீர். டப்பாவைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கழியில் வானமும் இல்லை, தரையும் இல்லை. எங்கும் ஒரே வெள்ளை. சத்தமில்லாமல் தண்ணீர் என் கணுக்காலுக்கு வந்தது, பிறகு கெண்டைக்காலுக்கு. பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு அவர் பேர் தெரியாது. மாதக்கணக்கில் பார்த்த டப்பா மட்டும்தான் தெரியும். அந்த டப்பாவைத் தட்டினேன். தட்டிக்கொண்டே நடந்தேன். நின்று கேட்டேன். மறுபடி தட்டினேன். தூரத்தில் எங்கோ, தூக்கத்தில் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

அலையாத்திச் செடியின் வேரைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் சாய்ந்திருந்தார். ஒரு கால் சேற்றில் புதைந்திருந்தது. சேலை பாதி தண்ணீரோடு போயிருந்தது. நான் தெரிந்ததும் அவர் காப்பாற்று என்று கத்தவில்லை.

"அங்கிட்டுத் திரும்புலே!" என்றார்.

திரும்பினேன். பின்பக்கமாகவே நடந்து, கழுத்தில் கிடந்த துண்டின் ஒரு முனையைத் தோளுக்கு மேலே பின்னால் வீசினேன். அவர் பிடித்துக்கொண்டார். பார்க்காமலே இழுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிரே பனி மெல்ல மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. ரயில் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போன சத்தமும். கால் சேற்றை விட்டதும் இருவரும் விழுந்தோம். என் சட்டையைக் கழற்றிப் பின்னால் நீட்டினேன். துண்டை இடுப்பில் சுற்றிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு என் முதுகில் ஒரு குத்து விட்டார். பலமே இல்லாத குத்து.

"என் டப்பாவ எடுத்து வச்சியே" என்று அழுதார்.

கழியில் தட்டின டப்பா தண்ணீரோடு போய்விட்டது. நான் ஒரு புது டப்பா வாங்கி அவர் வாசலில் வைத்தேன். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது.

கழியிலிருந்து வந்த அன்றே மேஸ்திரியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "அதுக்காகக் காசு வாங்காம விட்டா நாளைக்கி யாருல கழுவுவா, நீயா?" என்றார். அதுவும் நியாயம்தான். கழுவுகிற இருவருக்கும் வயிறு இருந்தது.

அன்று மாலை ஒரு மூடிய தகர டின்னில் கத்தியால் பிளவு போட்டுக் கதவருகே ஆணியடித்தேன். நான் உட்காரும் பெட்டியைத் திருப்பிப் போட்டு, சூளைப் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் காசு விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். டிக். டிக். இரண்டு பைசாவுக்கு ஒரு சத்தம். நாலாம் நாள் விடியலில் வேறு மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் கனமாக, டக் என்று. காசுக்குப் பதில் உடைந்த பானையின் சில்லு விழுந்தால் அப்படித்தான் கேட்கும். அந்தக் காலடியும் எனக்குத் தெரிந்ததுதான். நான் திரும்பவில்லை.

வாரக் கடைசியில் மேஸ்திரி டின்னைக் கொட்டினார். காசுகளோடு ஏழெட்டுச் சில்லு, ஒரு சட்டைப் பொத்தான்.

"எவம்ல இதப் போட்டது?"

"தெரியாது அண்ணாச்சி. நான் அங்கிட்டுல்லா பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நல்ல காவக்காரம்ல நீ!" என்றார். ஆனால் டின்னை மாற்றச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மேஸ்திரி வரும்போது டிக், டிக், டிக் என்று மூன்று தடவை கேட்கும். சில்லு விழுந்த நாட்களும் உண்டு, விழாத நாட்களும் உண்டு. அக்காவின் புது டப்பா வரிசைக்கு வந்தது. அவர் என்னோடு அதிகம் பேசியதில்லை. ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சி இருந்தது. யார் வைத்தது என்று நான் பார்க்கவில்லை.

தை முடிவதற்குள் ஊர் மாற எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. ரயிலேறிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ பஸ் ஸ்டாண்டு. கக்கூசுக்குக் காசு வாங்கலாமா கூடாதா என்று படித்தவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தரை தெரிவதற்குச் செலவு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஏறுகிற தண்ணீரையும் தெரியும். அதனால் நான் விவாதத்துக்குப் போவதில்லை. கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.