ரிஜிபோம் மயிலும் என் வாசல் கதவும்

வீட்டில் கேக் அடித்து விற்பவளுக்கு அவணின் சூடு பழகிவிடும். இருட்டின பிறகு கதவில் கேட்கும் சத்தம் மட்டும் பழகாது. கிறீச், கிறீச் என்று யாரோ பல்லால் சுரண்டுவது போல. வெள்ளவத்தையில் மேல்மாடி வீடு, கணவர் கட்டாரில், தோளில் கைக்குழந்தை. வீட்டு வாசலையே கடை வாசலாக்கிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கு விளங்கும்: தாழ்ப்பாள் போட்டால் கேக் ஓடர் போய்விடும், போடாவிட்டால் நித்திரை போய்விடும்.

நான் கொன்வென்டில் உயிரியல் படித்தவள். கணவர் பொருளியல். இரண்டும் ஒரே பாடம்தான் என்பதை இந்தக் கதவடியில்தான் கற்றேன்.

தோகை

ஓர் இரவு கேட்ட அந்தச் சத்தம், சாமான் பெட்டிக்குள் வைத்து வரும் வெள்ளை நுரைக்கட்டியான ரிஜிபோம் கதவில் உரசின சத்தம். கலியாணத்துக்கு வாடகைக்குக் கொடுத்த அடுக்குக் கேக்கைப் பெண்ணின் சித்தப்பா திருப்பிக் கொண்டுவந்திருந்தார். மண்டபத்தில் கோபுரமாய் நிற்பது வெறும் ரிஜிபோமும் ஐசிங்கும். சாப்பிடுகிற துண்டு தனியே சின்னப் பெட்டியில் வரும். பிறகு எதற்குக் கோபுரம்? மயிலுக்குத் தோகை எதற்கோ, அதற்குத்தான். இவ்வளவு வீண்பாரம் சுமக்கவும் எங்களால் முடியும் என்று மற்றப் பக்கத்துக்குக் காட்ட.

கதவைத் திறந்தேன். அவரோ என்னைவிடப் பயந்து நின்றார். "மேல்தட்டிலை ஒரு ஓட்டை இருக்கும், குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. மாப்பிள்ளையின்ரை அப்பா விரல் விட்டுப் பார்த்தவர்."

வேஷம்

கீழ்வீட்டு இன்பா அன்ட்டியும் கேக் அடிப்பவர். நான் ஊதா நிறப் பெட்டிக்கு மாறின கையோடு அவருடைய பெட்டியும் ஊதாவானது. விஷமில்லாத பாம்பு விஷப்பாம்பின் வரியைப் போட்டுக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். என் கேக்கை விஷமென்று சொல்ல மனம் வரவில்லை. போட்டி வந்தால் பொருளை மாற்று என்றார் கணவர் போனில். விரதக்காரருக்காக முட்டையில்லாத கேக் தொடங்கினேன்.

ஆனாலும் மனம் கேட்காமல், கீழே போய்ப் பெட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அன்ட்டி சிரித்தார். "உம்மடை பெட்டி வடிவாய் இருந்தது பிள்ளை. வடிவில்லாததை ஆர் கொப்பி அடிப்பினம்?"

எலி

வளையை விட்டு வராத எலி பட்டினியால் சாகும். வந்தால் பூனை பிடிக்கும். பொருளியலில் இதற்கு அமையச் செலவு என்று பெயர்: ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும். கந்தோர் வேலை முடிந்து வருபவர்கள் எல்லாரும் இருட்டின பிறகுதான் வருவார்கள். கிருலப்பனையிலிருந்து வந்த ஓர் அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திப் பெயர் கேட்டேன், என்ன கேக் என்று கேட்டேன், அதில் என்ன எழுதச் சொன்னீர்கள் என்றும் கேட்டேன். அவர் கீழே இறங்கிப்போய் இன்பா அன்ட்டியிடம் கேக் வாங்கிக்கொண்டார். படியில் இறங்கும்போது சொன்னது இன்னும் சுடுகிறது. "நீர் திறக்கிறதுக்குள்ளை என்ரை மகளுக்கு ஒரு வயசு கூடிடும்."

ஒன்றியவாழ்வு

மறுநாள் காலை இன்பா அன்ட்டி படியேறி வந்தார். நக்கலடிக்கத்தான் வருகிறார் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவரோ குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தன்னுடைய முட்டையில்லாத கேக் பொங்காமல் கல்லாய்க் கிடக்கிற கதையைச் சொன்னார். தன் வீட்டில் நாயும் இருக்கிறது, டிவிக்கு முன்னால் அசையாத புருஷனும் இருக்கிறார் என்றார்.

"இருட்டினாப் பிறகு உம்மட்டைக் கேக் எடுக்க வாற ஆக்களை நான் பார்க்கிறன், எனக்கு வாற முட்டையில்லாத ஓடரை நீர் பாரும். பெட்டியள் ஒரே நிறம்தானே பிள்ளை, ஆருக்குத் தெரியப்போகுது?"

தகுதியுள்ளதுதான் பிழைக்கும் என்ற கொன்வென்ட் பாடத்தோடு, கீழ்வீட்டுப் போட்டிக்காரியிடம் ஒரு நாய் இருந்தால் பயந்தவளும் பிழைப்பாள் என்பதையும் சேர்த்துக்கொண்டு, இன்றிரவு குழந்தையைத் தோளில் போட்டபடி உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.