சாமி அறையில் ஜிஞ்சர் பியர்

ஜிஞ்சர் பியர் என்கிற இஞ்சிச் சோடா காய்ச்சுகிற தொழிலுக்கு இஞ்சி, சீனிக்கு அடுத்தபடியாக வேண்டியது, ஊர் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்கிற மனம். வீட்டில் எதையாவது புளிக்கவைத்து விற்கப் பார்த்த சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்கட வீடு அன்புவழிபுரத்தில். மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். மகன் கொழும்பில், அவனுக்கே இரண்டு குஞ்சுகளும் வீட்டுக் கடனும். அவனிடம் மாசா மாசம் கை நீட்டக்கூடாது என்றுதான் இதில் இறங்கினேன். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் கூல்பார் வைத்துக் குளிர்பானம் விற்கிற சிவம், "நல்லாய் இருந்தால் என்ர பிரிட்ஜில ஒரு தட்டு உங்களுக்குத்தான் அக்கா" என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு தட்டுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வாளிக்குச் சுகமில்லை

இஞ்சித் தண்ணியைப் புளிக்கவிடுகிற வாளியைத் துணியால் மூடினால் சின்ன ஈ விழுந்து எல்லாம் வினாகிரி ஆகிவிடும். இறுக்கி மூடினால் மூடி கூரைக்குப் போகும். இதற்கென்று விற்கிற சாமானை, வீட்டுக்கு வந்திருந்த மகள் தன்ர போனில் காட்டினாள். விலையைப் பார்த்ததும் "சிவ சிவா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு யோசனை வந்தது. சேலைன் ஏற்றுகிற குழாயின் ஒரு நுனியை வாளி மூடியில் செருகி, மற்ற நுனியைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டால், காற்று குமிழி விட்டு வெளியே போகும், ஈ உள்ளே வர ஏலாது.

மருந்துக்கடைத் தம்பி குழாயை எடுத்துத் தந்துகொண்டே, "ஆருக்கு அம்மா ஏத்தப் போறியள்?" என்று பாவப்பட்டுக் கேட்டான். எனக்குப் பொய் சொல்ல வராது. "வாளிக்கு, தம்பி" என்றேன். "அப்ப ஊசி வேண்டாம் என்ன? வாளிக்கு நரம்பு பிடிபடாது."

நானா தந்த பெட்டி

குழாய் சரிவந்தது. அடுத்த எதிரி எங்கட வெக்கை. சூடு கூடினால் ஈஸ்ட் பேய் பிடித்ததுபோல் ஆடும், ருசியும் கெட்டுவிடும். கிண்ணியாவில் இருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிற முஸ்லிம் அண்ணரிடம், எங்கட நானாவிடம், இதைச் சொல்லி அழுதேன். அவர் மனமிரங்கி, மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற பாரமில்லாத வெள்ளை நுரைப்பலகைப் பெட்டி, பழைய ரெஜிபோம் பெட்டி ஒன்றைச் சும்மா தந்தார். தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்தேன், உப்புப் போட்டுக் கழுவினேன், வெயிலில் காயவைத்தேன். மணந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷமாய் மீன் கழுவுகிற மூக்குக்கு என்ன தெரியப்போகிறது?

வாளியை ஐஸோடு அதற்குள் வைத்து, அவசரமில்லாமல் ஆறுதலாய்ப் புளிக்கவிட்டு, முதல் போத்தலைச் சிவத்திடம் கொண்டுபோனேன். ஒரு மிடறு குடித்தான். கண்ணை மூடினான். நான் மனதுக்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு நின்றேன். "இன்னொருதரம் செய்து கொண்டு வாங்கோ அக்கா, அதுதான் கடைசி" என்றவன், போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "இதுக்குச் சோறும் சேர்த்துக் குடுக்க வேணுமோ?"

விரதமும் வெடியும்

அந்தக் கடைசித் தவணையை மீன் பெட்டி இல்லாமலே புளிக்கவிட்டுப் போத்தலில் அடைத்து, பிரிட்ஜை விட்டால் வீட்டிலேயே குளிர்ச்சியான இடமான சாமி அறையில் அடுக்கினேன். இடையிடையே மூடியைத் திறந்து காற்றை விடவேணும். ஆனால் கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. விரதக் கையால் புளித்த சாமானைத் தொடலாமோ? முருகனே பக்கத்தில் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

சூரன் போர் பார்க்கக் கோயிலுக்கு வெளிக்கிட்டு வாசலில் செருப்புத் தேடுகிறேன், உள்ளே முதல் போத்தல் வெடித்தது. பிறகு வரிசையாக. அறைக்குள் ஒருவரும் இல்லாதது அவர் கருணை. படங்களில் இருந்தெல்லாம் இஞ்சித் தண்ணி வடிய, நான் விளக்குமாறோடு நின்று அழுதேன். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு மணியக்காவின் தலை தெரிந்தது. "என்ன பிள்ளை, இந்த முறை சூரன் போர் உங்கட வீட்டிலயோ?"

ஒரு பிளாஸ்டிக் போத்தல்

மகன் போனில், "விடுங்கோ அம்மா, நான் அனுப்புறன்" என்றான். அவன் சொன்ன விதத்திலேயே அவனுக்கு ஏலாது என்று விளங்கிற்று. சிவத்திடம் போய் இன்னும் ஒரேயொரு தரம் கேட்டேன். அவன் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினான்.

இந்தமுறை மீன் பெட்டிக்குப் பதிலாக, தண்ணி விட்ட பெரிய பேசினில் வாளியை இறக்கி ஈரச் சாக்கைச் சுற்றினேன். போத்தலில் அடைக்கிற நேரம், இவ்வளவு நாளும் பேப்பருக்குப் பின்னால் இருந்து சிரித்த என்ர மனுசன் ஒரு வெறும் பிளாஸ்டிக் போத்தலை நீட்டினார். "இதிலயும் கொஞ்சம் விடும். கண்ணாடியை அமத்திப் பார்க்க ஏலாது, இதை ஏலும்." பிளாஸ்டிக் கல்லுப்போல் இறுகினதும், காற்று நிரம்பிவிட்டது, இனிக் குளிரில் ஈஸ்ட் அடங்கட்டும் என்று எல்லாவற்றையும் பிரிட்ஜுக்குள் தள்ளினோம். மீனும் முட்டையும் அன்றைக்கு வெளியே.

கூல்பார்க் கதிரையில் நான் கைகட்டி இருக்க, லொறிக்காரர் ஒருவர் முதல் போத்தலை ஒரே மூச்சில் குடித்து, வீதிக்கே கேட்க ஏவறை விட்டார். இன்னொன்று கேட்டார். சிவம் பிரிட்ஜைத் திறந்து, நடுத்தட்டில் இருந்த தயிர்ச் சட்டிகளை ஒவ்வொன்றாய்க் கீழே இறக்கத் தொடங்கினான். "வெள்ளிக்கிழமைக்குள்ள தட்டை நிரப்பிப்போடுங்கோ அக்கா. விரதம் ஏதும் வருதெண்டால் முதலே சொல்லிப்போடுங்கோ."

ஆண்டவனிடம் நான் கேட்டது அருள். அவர் அதைக் காற்றாய்த் தந்துவிட்டு, போத்தலுக்குள் பிடித்து வைக்கிற வேலையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்.