திரும்பிப் பார்த்த மயில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், ஆனாலும் நடந்தது இதுதான்.

திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த கலாமணி அக்கா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அவர் கணவர் பழனிச்சாமி அண்ணன் அங்கேயே துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருக்கிறார். அக்கா கடைசிவரை பழைய டாஸ் கம்ப்யூட்டரில்தான் டிசைன் போட்டார், அதையெல்லாம் விண்டோஸுக்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எல்லாம் மாறிவிட்டது, ஒரு மயில் மட்டும் மாறவில்லை. குழந்தைகள் சட்டைக்கான டிசைன், ஆர்டர் கொடுக்கும் பையர் மறுபடி கேட்டிருந்தார். எப்படி மாற்றினாலும் தோகை சரியாக வந்தது, கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை.

"சாயங்காலம் சாம்பிள் போகோணும் கண்ணு. முடியலீன்னா இப்பவே சொல்லீரு, வெளிய குடுத்துக்கறேன்" என்றார் முதலாளி. முடியும் என்று சொல்லிவிட்டேன். மறுபடி மாற்றக் கொடுத்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, யூபிஎஸ்ஸும் பழுது, கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. அறையைப் பூட்டிச் சாவியோடு சாப்பிடப் போனேன். கரண்ட் வந்ததும் திறந்து பார்த்தால், நம்பினால் நம்புங்கள், ஃபைல் முழுதாக இருந்தது, அது சேவ் ஆன நேரமோ கரண்ட் இல்லாத நேரம். மயிலுக்குத் தலை வந்திருந்தது. ஆனால் பழைய சாம்பிளில் நேராகப் பார்த்த மயில், இதில் கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தது.

அதை அப்படியே எம்பிராய்டரி மெஷினில் போட்டுவிட்டேன். "பழசவிட இது அம்சமா இருக்குது" என்று முதலாளி எல்லார் முன்னாலும் பாராட்டினார், நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பழனிச்சாமி அண்ணன் அந்தத் துணியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஏனம்மிணி, இது கலாமணி போட்டதா? மயிலு திரும்பிப் பாக்கற மாதிரி ஒண்ணு போடோணும்னு ஆஸ்பத்திரியிலகூடச் சொல்லீட்டிருந்தா. போடாமயே போயிட்டான்னு நெனச்சேன்."

முதலாளி பக்கத்திலேயே நின்றார். "இல்லீங்கண்ணா, நான் போட்டதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா" என்று துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை போயிருக்கிறேன், என்னவென்று சொல்வது?

அந்த டிசைன் இன்னும் ஓடுகிறது. ஃபைலில் மெஷினை நிற்கச் சொல்லும் கட்டளை எங்கும் இல்லை, நூலும் அறுவதில்லை, ஆனால் மயிலின் கண்ணுக்கு வந்ததும் மெஷின் நின்றுவிடும், கொஞ்சம் கழித்து யாரும் தொடாமலே ஓடும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுக் கோளாறு இல்லை என்று போய்விட்டார். அது நிற்கும்போதெல்லாம் செக்கிங் மேசையிலிருந்து பழனிச்சாமி அண்ணன் நிமிர்ந்து என்னைத்தான் பார்க்கிறார்.