பிரேக் அக்காவின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. கற்றுத்தருகிறவர் உட்காரும் பக்கத்திலும் அந்தக் காரில் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் சுவரை நோக்கிப் பாய்ந்தால், பேச்சை நிறுத்தாமலே மெல்ல மிதிப்பாள். வண்டி பூனை மாதிரி நிற்கும். "சுவர் எங்கயும் ஓடிப் போகாதுங்க, நிதானமா வரலாம்" என்பாள். அந்தப் பெயர் பாராட்டாக வந்ததுதான்.

அந்த வருஷம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின. அப்பா போய்ச் சேர்ந்தார். அழுது முடிப்பதற்குள் கணவனுக்கு வேலை போனது. பெரிய வீட்டைக் காலி செய்து சின்ன வீட்டுக்கு வந்தார்கள், பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை. அவள் லீவே போடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

வாய் சொன்னதைக் கால் நம்பவில்லை.

முதலில் சாப்பாட்டு மேசையில். மகள் தண்ணீர் டம்ளரை எட்டி எடுக்க, அக்காவின் வலது கால் படாரென்று மேசைக்காலை மிதித்தது. தண்ணீர் மொத்தமும் கணவன் மடியில். தூக்கத்தில் அவன் புரண்டு படுத்தாலும் உதைதான்.

"ஏன்டி, நான் என்ன லாரியா?"

"குறட்டையைக் கேட்டா அப்படித்தான் தெரியுது!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை.

பிறகு காரிலும் ஆரம்பித்தது. அவளிடம் ஒரு ரொட்டிக்கடைக்காரர் பழகிக்கொண்டிருந்தார். ரவுண்டானாவின் நடுவில் வண்டி டக்கென்று நின்றது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும். பின்னால் ஹாரன்கள் கச்சேரி நடத்தின. புகார் முதலாளியின் காதுக்குப் போனது.

"இன்னொரு புகார் வந்தா நீ ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடும்மா. கார் கிடையாது" என்றார் அவர்.

அவளுக்கு உயிரே போனது போலிருந்தது. "வண்டியிலதான் சார் கோளாறு" என்று சாதித்தாள். மெக்கானிக் பிரேக்கைக் கழற்றி மாட்டினார், ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த வகுப்பில் அவரே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

காலியான சாலை. காற்றில் ஒரு காகிதப் பை உருண்டது. வண்டி குலுங்கி நின்றது. மெக்கானிக்கின் மூக்கு முன்சீட்டில் மோதியது.

ரொட்டிக்கடைக்காரர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். "எனக்கு இது வராதுங்க டீச்சர். நாளையிலிருந்து நான் வரல."

மெக்கானிக் மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க. அக்கா, இனி கழட்டிப் பாக்கணும்னா உங்க காலைத்தான் பாக்கணும்."

அக்கா குனிந்து பார்த்தாள். கால் இன்னும் மிதித்தபடியே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, கூடவே அழுகையும். "எங்க அப்பா போயிட்டாருங்க" என்றாள். அதை வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ரொட்டிக்கடைக்காரர் பதறிப்போய்ப் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார். அழுதுகொண்டே தின்றாள்.

அன்றே முதலாளியிடம் போனாள். "கோளாறு வண்டியில இல்ல சார், எனக்குத்தான். லீவு கொடுங்க, டாக்டரைப் பாக்கணும்."

"இதை அப்பவே சொல்லக் கூடாதா? வண்டியை சர்வீஸுக்கு விடுறோம், ஆளை விட மாட்டோமா? சரியாகி வா. உன் சீட்டு உனக்குத்தான்."

மறுநாள் கணவனோடு பஸ்ஸில் போனாள். ஆஸ்பத்திரி தெரிந்ததும் கால் தானாகத் தரையை மிதித்தது. பஸ்ஸும் நின்றது, அங்கே நிறுத்தம் இருந்ததால்.

"பாத்தியா, பஸ்ஸே எனக்கு அடங்குது!" என்று கணவனை இடித்துக்கொண்டே இறங்கினாள்.