ஐந்து புளியங்கொட்டைகள்

புளியங்கொட்டையைத் தரையில் அழுத்தித் தேய்த்து அடுத்தவர் முழங்கையில் வைத்தால் சுரீரென்று சுடும். வருஷத்துப் புளியை அம்மா மொத்தமாக வாங்கி மொட்டைமாடியில் காயவைத்துக் கொட்டை எடுக்கிற கோடை வாரத்தில், மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய எங்கள் வீட்டில் நானும் அக்கா வசந்தியும் ஒருவருக்கொருவர் "சூடு வைக்காத" நாளே கிடையாது. அழுது முடித்தபின் அதே கொட்டைகள் தாயம் ஆட உதவும். ஒரு பக்கம் தேய்ந்து வெள்ளை, மறுபக்கம் பளபளவென்று காப்பிக்கொட்டை நிறம்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடையில், அந்தக் கொட்டைகளுக்கு வேறு வேலை வந்தது. அப்பா தேனாம்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருந்தார். பெண் பி.காம். முடித்தால் தன் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரவைத்துவிடலாம் என்று அவருக்கு ஆசை. அக்காவோ கணிதம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்குக் காரணம் லெண்டிங் லைப்ரரியில் அவள் எடுத்துவந்த ஒரு பழைய அறிவியல் பத்திரிகை. அதில் "செல்லுலார் ஆட்டோமேட்டா" என்று ஒரு சங்கதி வந்திருந்தது: கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு தரை, ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களை மட்டும் பார்க்கும், அதை வைத்தே அடுத்து என்ன ஆவது என்று தீர்மானிக்கும், அவ்வளவுதான். இதை வைத்தே காட்டுத்தீ பரவுவதையும், ஊரில் ஜுரம் பரவுவதையும், தெருவில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்பதையும் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்களாம்.

எங்கள் கூடத்துத் தரை சிவப்பும் சாம்பலுமாகச் சதுரக் கல் பதித்தது. அக்காவுக்கு அது போதாதா! பத்திரிகையில் இருந்த விதிப்படி, கல்லுக்கு ஒரு கொட்டையாக வைக்கவேண்டும். ஒரு கொட்டையைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று கொட்டைகள் இருந்தால் அது பிழைக்கும். குறைந்தால் தனிமையிலும் கூடினால் நெரிசலிலும் செத்துப்போகும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். இந்த விதிப்படி, ஐந்து கொட்டைகளைக் கொக்கி மாதிரி ஒரு வடிவத்தில் வைத்தால், அது உருமாறி உருமாறித் தரையில் குறுக்காக நடந்துபோகும் என்று அவள் சொன்னபோது அப்பா பேப்பரைத் தாழ்த்தவேயில்லை.

"தாயக்கொட்டை உருட்டறதுக்கு ஒரு டிகிரியாம்மா? சரி, சமையலறை மூலையிலேர்ந்து என் நாற்காலிவரைக்கும் அது நடந்து வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றார்.

அவர் எதிரிலேயே ஆரம்பித்தோம். நாலு சுற்றுக்கூடத் தாங்கவில்லை. கொட்டைகள் சிதறி, ஒன்றிரண்டாகி, காணாமலே போய்விட்டன. அப்பா சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நாளைக்கே பி.காம். அப்ளிகேஷன் வாங்கிவரச் சொல்லிவிட்டு வெளியே போனார். அக்கா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமில் அழுதாள். எனக்கு அந்தப் பத்திரிகையின் மேல் அப்படி ஒரு கோபம்.

அன்று சாயங்காலம் இருவரும் மறுபடி தரையில் உட்கார்ந்தோம். அதே ஐந்து கொட்டைகள்; அவள் சமையலறைப் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள், பிறகு நான் வாசல் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு போனேன். அவளுக்கு ஒரு வடிவம் வந்தது, எனக்கு வேறொன்று. எந்தப் பக்கமிருந்து எண்ணினால் என்ன, விடை ஒன்றாகத்தானே இருக்கவேண்டும் என்று சண்டை போட்டோம். சண்டை நடுவில்தான் உறைத்தது. எல்லாம் எங்கள் பல்லாங்குழிக் கை செய்த வேலை! பல்லாங்குழியில் வருவதை அப்போதைக்கப்போதே வழித்து எடுத்துவிடுவோம் இல்லையா, இங்கேயும் செத்த கொட்டையை உடனுக்குடன் எடுத்துவிட்டு, அடுத்த கட்டத்தை எண்ணும்போது மாறிப்போன தரையைப் பார்த்து எண்ணியிருக்கிறோம். பழைய தரையைப் பார்த்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுதியபிறகு, ஒரே சமயத்தில் அல்லவா மாற்றவேண்டும்!

அதற்குத்தான் தேய்த்த கொட்டை கைகொடுத்தது. சாகப்போவதை எடுக்காமல் வெள்ளைப் பக்கம் புரட்டிவைத்தோம். பிறக்கப்போகிற கட்டத்தில் ஒரு துவரம்பருப்பு. முழுவதும் எண்ணி முடித்ததும் வெள்ளையை எடுத்து, பருப்பு இருந்த இடத்தில் கொட்டையை வைத்தோம். இப்படி நாலு சுற்று முடிந்ததும் ஐந்தும் ஒழுங்காக ஒரு கட்டம் குறுக்கே நகர்ந்து, பழைய கொக்கியாகவே நின்றன. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு கத்தியதில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்ததும் மூலையிலிருந்து கொட்டைகளைக் கிளப்பினோம். கூடத்தின் பாதியைக் கடப்பதற்குள் பேப்பர் மடிக்கு வந்துவிட்டது. "அங்க ரெண்டுதானே இருக்கு, பருப்பு எதுக்கு வெச்சே?" என்று என்னைப் பிடித்தார். ஆடிட்டர் ஆபீஸ் கண் அல்லவா, சரியாகத்தான் பிடித்தார். அதற்குப்பிறகு அவரே விரல் நீட்டி எண்ண ஆரம்பித்துவிட்டார். சாம்பார் ஆறுகிறது, தட்டு போட இடத்தைக் காலி பண்ணுங்கள் என்று வந்த அம்மாவிடம், கொஞ்சம் பொறு என்று கை காட்டினார்.

கொட்டைகள் நாற்காலியடிக்கு வந்துவிட்டன. அடுத்து ஒன்று பிறக்கவேண்டிய கட்டத்தில் அப்பாவின் கால் இருந்தது. அக்கா பருப்பைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். அவரும் கொஞ்சநேரம் தரையைப் பார்த்தார், பிறகு இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டார்.

"வைம்மா" என்றார். பி.காம். பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவேயில்லை.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியாயிற்று. நாங்கள் இப்போதும் அங்கேதான், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். தரை பெரிய பெரிய வெள்ளைக் கல், கோடு எங்கே இருக்கிறதென்று தேடவேண்டும். புளி கொட்டை நீக்கி பாக்கெட்டில் வருகிறது. என் பையனுக்குச் சூடு வைப்பதென்றால் என்னவென்றே தெரியாது. அக்கா, கூட்டத்தில் ஜுரம் எப்படிப் பரவும் என்று கட்டம்கட்டமாகக் கணக்குப் போடுகிற வேலையில்தான் இருக்கிறாள்.

போன மாதம் வெளியூரிலிருந்து வந்திருந்தவள் லேப்டாப்பை டிவியில் இணைத்து அதையெல்லாம் அப்பாவுக்குக் காட்டினாள். கடைசியில், அவருக்காகவே, மேல் மூலையில் ஐந்து புள்ளிகளை வைத்து ஓடவிட்டாள். எண்ண ஆளில்லாமல், பருப்பில்லாமல், அவை பாட்டுக்கு விறுவிறுவென்று குறுக்கே இறங்கி வந்தன. திரையின் கீழ்விளிம்பை அவை நெருங்கியபோது அப்பா, முழங்கால் வலியில் லேசாக முனகிக்கொண்டே, இரண்டு காலையும் தூக்கி சோபாமேல் வைத்துக்கொண்டார்.