மேகத்தை விரட்டிய ஏரியல்

சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல முதலில் ஓர் இரைச்சல் வரும். கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று எழுந்து, விட்டு விட்டு ஒலிக்கும். ஒரு கணத்துக்கு முன் என் விரல் தட்டிய மோர்ஸ் தந்தி ஒலிதான் அது. ஆகாயத்துக்குப் போய், ஒரு செயற்கைக்கோளைத் தொட்டு, திருநகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடிக்கே திரும்பி வந்திருக்கிறது என்று தெரிந்த அந்த முதல் மாலையில் எனக்குப் பதினேழு வயது. சந்தோஷத்தில் அடுத்த எழுத்தைத் தப்பாகத் தட்டினேன்.

"இதனால என்ன பிரயோசனம்?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. ஒரு பிரயோசனமும் இல்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். பிரயோசனத்துக்காகத் தட்டச்சு வகுப்பு இருந்தது, தையல் வகுப்பு இருந்தது, இரண்டுக்கும் போனேன். இது எனக்காக.

ரேடியோப் பெட்டி அண்ணனுடையது. ரேடியோவில் உலகத்தோடு பேசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களை "ஹாம்" என்பார்கள். அண்ணன் அப்படி ஒருவன். வடக்கே வேலை கிடைத்துப் போகும்போது பெட்டியை விட்டுச்சென்றான். நான் மெட்ராஸுக்குப் போய்ப் பரீட்சை எழுதி என் பெயரிலேயே லைசென்ஸ் வாங்கினேன். லைசென்ஸுக்காக விசாரிக்க வந்த போலீஸ்காரர் பெட்டியைப் பார்க்காமல் என்னையே ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். "வயசுப் புள்ள, ஊரு பேரு தெரியாத ஆம்பளைகளோட பேசுது" என்று தெருவில் ஒரு பேச்சு, "தந்திக்காரி" என்று எனக்கு ஒரு பட்டப்பெயர். பட்டப்பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

சாதாரண ரேடியோவில் தூரத்துக்குப் பேசுவதை விட அந்தச் செயற்கைக்கோள் ஏன் என்னை அப்படிப் பிடித்து ஆட்டியது என்று சொல்ல வேண்டும். ஒரு தவலை அளவே இருந்த அதை எந்த அரசாங்கமும் செய்யவில்லை. பல நாட்டு ஹாம்கள் சேர்ந்து கையால் கட்டி, வேறு எதற்கோ கிளம்பிய ராக்கெட்டில், நாங்கள் திருமங்கலம் பஸ்ஸில் படியில் தொற்றிக்கொள்வது போல, ஓசியில் ஏற்றி அனுப்பியது. அது யாருக்காகவும் நிற்காது. அடிவானத்தில் தலைகாட்டி மறு அடிவானத்தில் இறங்குவதற்குக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்குள், மாடிக் கம்பத்தில் கட்டிய ஏரியலை அது போகும் பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டே வர வேண்டும். நம்மைத் தாண்டும் ரயிலின் கூவல் இறங்குவது போல விசிலும் இறங்கிக்கொண்டே போகும், பெட்டியின் குமிழைத் திருகி அதைத் துரத்த வேண்டும். நீ யார் மகள், யார் வீட்டுக்குப் போகப்போகிறவள் என்று அது கேட்டதில்லை. நான் அறிந்தவர்களில் அப்படிக் கேட்காதது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் வீரணனுக்குத் திருமங்கலம் பக்கம் நிலம் இருந்தது. விதைத்தது எல்லாம் கருகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மாடியேறி வந்து, ஏரியல் கட்டியிருந்த இரும்புக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

"சார், மேற்க நல்லாக் கருக்கிட்டு வருது. நம்ம மாடிக்கு நேரா வந்ததும் கலைஞ்சு போயிருது. இங்கன இந்தக் கம்பத்தத் தவிர வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

நான் குறுக்கே விழுந்தேன். "மாமா, மேகம் எம்புட்டு ஒசரத்துல போகுது, இது எம்புட்டு ஒசரத்துல நிக்குது!"

"மேகத்துக்கும் மேல சுத்துற ராக்கெட்டோட இது பேசுதுன்னு நீதான சொன்ன? அப்ப மேகத்தக் குத்திக்கிட்டுத்தான தாயி போகணும்?"

"கம்பத்த எறக்குங்க, இல்லேன்னா வீட்டக் காலி பண்ணுங்க" என்று அவர் முடித்துவிட்டார்.

அப்பா அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா. கடைக்காரர் கெட்ட தேங்காய் கொடுத்தால்கூடத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்படுகிறவர். "நாளைக்கே எறக்கிடுறோம்ணே" என்றார். மறுநாள் ஆள் வைத்து இறக்கியும் விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். கம்பம் போனால் ஏரியல் போனது, ஏரியல் போனால் செயற்கைக்கோள் போனது. அது தினமும் தலைக்கு மேலே வரும்போது நான் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

தாங்கவும் இல்லை. கேட்பதற்கு நீளமான கம்பி வேண்டும்; மாடியில் துணி காயப்போடும் "கொடி"யைத் தாம்புக் கயிற்றிலிருந்து செம்புக் கம்பிக்கு மாற்றினேன், அதன் மேலேயே பாவாடைகளைக் காயப்போட்டேன். அனுப்புவதற்குச் சின்ன ஏரியல் போதும்; ஒரு மூங்கில் குச்சியில் அலுமினியக் கம்பிகளைக் குறுக்கே வரிசையாகக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டேன். கம்பத்தில் என்றால் ஏரியலைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்துவிடலாம்; இப்போது அதைப் பிடிக்கவே ஒரு கை, மோர்ஸ் தட்ட ஒரு கை, குமிழ் திருக ஒரு கை. மூன்று கைக்கு நான் எங்கே போவேன்? இரண்டு மாலைகள் வீணாயின.

மூன்றாம் மாலை, விளக்கு வைக்கும் நேரம், நான் திணறிக்கொண்டிருந்தபோது அப்பா ஆபீஸ் சட்டையோடு மேலே வந்தார். மூங்கிலை என் கையிலிருந்து வாங்கினார்.

"எந்தப் பக்கம் புடிக்கணும்?"

தெற்கே காட்டினேன். அவர் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று, தெரு முழுக்கப் பார்க்கும்படி மூங்கிலை ஆகாயத்துக்கு நீட்டினார். கீழேயிருந்து வீரணனின் குரல் வந்தது. "சார்! என்ன சார் பண்றீங்க அங்க?"

அப்பா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"மேகத்த வெரட்டுறேன்ணே!"

வீரணன் தடதடவென்று படியேறி வந்தார். அப்பாவோ மூங்கிலை இறக்கவில்லை. "கம்பத்தத்தான எறக்கச் சொன்னீங்க, எறக்கியாச்சு. கை எங்க கைண்ணே" என்றார். அந்த நேரம் பார்த்து விசில் எழுந்தது. நான் தட்டினேன். என் அழைப்புக்குறியைச் சொல்லி யாரோ பதில் தட்டினார்: ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த்திலிருந்து. பெயர், ஊர் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், இங்கே நல்ல மழை என்றார். கேட்டதை அப்படியே வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன்.

"பாத்தீங்களா சார்? நம்ம மழைய அங்கிட்டுல்ல தள்ளி விட்டுருக்கு!" என்று சொல்லிவிட்டு வீரணன் இறங்கிப் போனார்.

கம்பம் இறங்கியும் அந்த வருஷம் மழை பெய்யவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. வீட்டைக் காலி பண்ணும் பேச்சை வீரணன் மறுபடி எடுக்கவில்லை. கம்பத்தைத் திரும்ப நட விடவும் இல்லை. செயற்கைக்கோளின் பேட்டரி ஒரு நாள் செத்துப்போகும் வரை அப்பாதான் எனக்குக் கம்பம்.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போனேன். கொடிகள் இல்லை, வீரணன் இல்லை. அதே மொட்டைமாடியில் செல்போன் கம்பெனிக்காரர்கள் பனைமரத்தை விட உயரமாக டவர் நட்டிருக்கிறார்கள். வீரணனின் பேரன் வாடகை வாங்குகிறான். மேகம் கலைகிறதா என்று அவனை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. வாடகை கொடுக்கிற கம்பம் மேகத்தைக் குத்தாது போலிருக்கிறது.

செத்ததென்று எல்லோரும் கைவிட்ட அந்தச் செயற்கைக்கோள், பல வருஷம் கழித்துத் தானாகவே விழித்துக்கொண்டது. பேட்டரி இல்லாமல், வெயில் படும்போது மட்டும் பேசுகிறது. அப்பா இல்லை. இப்போது அதைக் கேட்கவும் மூங்கில் ஏரியல்தான்; ஒரு கையில் மூங்கிலும் மறு கையில் குமிழுமாக என் வீட்டு மாடியில் நிற்கிறேன். தட்டுவதற்குக் கை போதாமல் பல நாள் வெறுமனே கேட்கிறேன். மணிக்கட்டு வலிக்கிறது. எதிர் வீட்டுக்காரர் பால்கனியில் வந்து நின்று, "எதுக்கு மேடம் இதெல்லாம், இந்த வயசுல?" என்கிறார்.

"மேகத்த வெரட்டுறேன்" என்கிறேன், தெரு முழுக்கக் கேட்கும்படி.