ஒற்றை விரல் வணக்கம்

என் தாய்மாமா ஃபெஸ்டி, சாலையில் நடந்து போகிற ஒருவரையும் நடக்க விட்டவரில்லை. காரை நிறுத்துவார், கதவைத் திறப்பார், ஏறுகிறவரை நகரமாட்டார். எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைப்பார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். விரல் தூக்காதவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லையென்றால் பகையாளி.

அயர்லாந்தின் மேயோவில், நெஃபின் மலையடிவாரத்தில், எழுபது செம்மறி ஆடுகளோடு தனியாக இருக்கிறார். வயது எழுபத்து நாலு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வயதில் இங்கிலாந்துக்குப் போய் இரண்டு வருஷம் கட்டட வேலையில் செங்கல் சுமந்தார். தாத்தா செத்ததும் திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு கடல் தாண்டவே இல்லை. நானும் இதே ஊரில் பிறந்து, பள்ளியில் ஐரிஷும் ஆங்கிலமும் படித்து, இருபத்து மூன்றில் டொராண்டோவுக்குப் போனவள். போன மே மாதம் நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. மாமாவைப் பார்த்த மாதிரியும் இருக்கும், இத்தனை வருஷமாக ஏறாத நெஃபினை ஏறின மாதிரியும் இருக்கும் என்று கிளம்பினேன். புது பூட்ஸ், இரண்டு மலையேற்றக் குச்சிகள் என்று தடபுடலாக.

கிளம்புகிற அன்று, பர்மிங்ஹாமில் என் தம்பி வீட்டில் இருக்கிற அம்மா ஃபோனில் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்குக் கண்ணுல புரை. ஆஸ்பத்திரில ரெண்டு தடவ தேதி குடுத்தாங்களாம், ரெண்டுக்கும் போகல. எனக்கு ஃபோன் பண்ணிக் கேக்கறாங்க. இப்ப மூணாவது தேதி. ஏன்டா போகலன்னு கேட்டா, போனா என்ன போகாட்டி என்னங்கறான். நீயாவது கேளு."

"நாலு நாள்தாம்மா இருக்கு. நான் மலை ஏறப் போறேன்."

"ஏறு. ஏறிட்டே கேளு."

விமான நிலையத்தில் வாடகைக் கார் சொல்லியிருந்தேன். "மாமன் இருக்கறப்ப வாடகைக் காரா" என்று அவர் சண்டை போட்டதில் அதை ரத்து செய்தேன். நான் செய்த முதல் தப்பு அது. சாலையின் நட்டநடுவில் மணிக்கு முப்பது மைலில் ஓட்டினார். எதிரே லாரி வந்தால் அவர் விரல் மேலே போனது, என் உயிரும் கூடவே போனது. பாதி வழி கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு முந்தின வளைவில் மறுபடி விரல் தூக்கிவிட்டு மாமா முணுமுணுத்தார்.

"பாரு, பதிலுக்கு ஒரு விரல் தூக்கறானா பாரு. ரெண்டு வருஷமா இதே திமிரு."

"யாரு மாமா?"

"வேற யாரு, மர்ட்டி ருவேன்தான். புது டிராக்டர் வாங்கினாலும் வாங்கினான், சிலை மாதிரி நிக்கறான்."

நான் கண்ணைத் திறப்பதற்குள் வளைவு கடந்துவிட்டது. மர்ட்டி பக்கத்துப் பண்ணைக்காரர். அந்தக் காலத்தில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஆட்டுச் சந்தைக்குப் போய்வந்தவர்கள்.

"கண்ணு எப்படி மாமா இருக்கு?"

"ஏன், உன் கண்ணுக்கு என்ன ஆச்சு?"

இதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். கேள்விக்குப் பதில் கேள்வி. டொராண்டோவில் நான் இப்படிப் பேசினால் மேலாளர் முறைக்கிறார். இங்கே ஒரு மனிதன் தன் குருட்டுத்தனத்தை அதற்குப் பின்னால் வைத்து இரண்டு வருஷம் ஓட்டிவிடலாம்.

ஆஸ்பத்திரிக் கடிதம் சமையலறையில், இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. எடுத்துப் படித்தேன். வரும் செவ்வாய், காலை எட்டரை. அன்று வண்டி ஓட்டக் கூடாது. அழைத்துவந்து அழைத்துப்போக ஒருவர் கட்டாயம் வர வேண்டும். இந்த முறையும் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும்.

"யாரு மாமா கூட்டிட்டுப் போறாங்க?"

"செவ்வாக்கிழம இன்னும் வரலியே."

"போன ரெண்டு தடவையும் இதனாலதான் போகலியா? கூட வர ஆளு இல்லாம?"

கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். எனக்கு ஞாயிறு மதியம் விமானம். டிக்கெட்டை மாற்றுகிறேன் என்றேன். "மாத்தினேன்னா நான் ஆட்டோட ஆடா மலை மேல போய்ப் படுத்துக்குவேன்" என்றார். டாக்சி என்றேன். "நாப்பது மைல் டாக்சியா? ஃபெஸ்டிக்கு ஒரு ஆளு கெதியில்லன்னு ஊரு பேசறதுக்கா?"

"மாமா, இந்த ஊர்ல பாதிப் பேர நீங்கதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. நீங்க கேட்டா யாராவது மாட்டேன்னு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. அதனாலதான் கேக்கக் கூடாது."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுவரும் ஈரமாக இருந்தது.

மறுநாள் காலை குச்சிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மலைப்பாதை தொடங்குகிற இடத்துக்கு வீட்டிலிருந்து மூன்று மைல் சாலையில் நடக்க வேண்டும். இருநூறு அடி போயிருப்பேன், முதல் கார் நின்றது. நடக்கத்தான் வந்தேன் என்றால் ஓட்டிவந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "கார் கெட்டுப்போச்சாம்மா? வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று இரக்கத்தோடு கேட்டு, எதிர்த்திசையில் இருக்கிற தன் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனார். தேநீர். எதையும் மூன்று முறை மறுத்துவிட்டு நாலாவது முறை வாங்கிக்கொள்வது எங்கள் ஊர் மரியாதை. ஆகவே ஒரு கோப்பைக்கு அரை மணி ஆகும். அங்கிருந்து வெளியே வந்தால் பாதிரியார் கார். அதற்குப் பின் பள்ளிக்கூட வேன். மாலை வரை நான் நடந்த தூரம் அரை மைல். குடித்த தேநீர் ஏழு. மலை, மேகத்தைப் போர்த்திக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். பால்கார வண்டியைப் பார்த்து வேலிக்குப் பின்னால் ஒளிந்துகூடப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வயதில், கையில் குச்சிகளோடு, முள்வேலிக்குப் பின்னால். எழுந்து நின்றால் எதிரே மர்ட்டி ருவேன் ஜீப்பை நிறுத்தியிருந்தார்.

"ஃபெஸ்டி மருமகதானே? ஏறு தாயி. நனைஞ்சு போயிருக்க."

"நான் நடக்கத்தான்…"

"தெரியும், தெரியும். நேத்தெல்லாம் நீ நடந்தது ஊருக்கே தெரியும். ஏறு."

ஏறினேன். ஏறாமலிருக்கத் தெம்பில்லை.

"உங்க மாமன்கிட்ட ஒண்ணு கேக்கணும் தாயி. நான் அவருக்கு என்ன தப்பு பண்ணேன்?"

"அவர் அதையேதான் உங்களக் கேக்கறாரு, மர்ட்டிண்ணே. நீங்க விரல் தூக்கறதே இல்லன்னு."

"நானா?" சட்டென்று பிரேக் போட்டார். அந்த வளைவுக்கு வந்திருந்தோம். "தினமும் தூக்கறேன். நேருக்கு நேரா டிராக்டர்ல போறேன், என்னைப் பாத்துட்டு மரம் மாதிரி போறாரு. ஆனா இதுக்கு மட்டும் ஒரு நாள் தவறாம வணக்கம் வெக்கறாரு. நக்கலு தாயி. உன்னைவிட உன் டேங்க் மேலுன்னு சொல்லாம சொல்றாரு."

பார்த்தேன். வயல் ஓரத்தில் ஆடுகளுக்கான தண்ணீர் டேங்க். பனியில் குழாய் உறையாமலிருக்க அதன் மேல் ஒரு பழைய மழைக்கோட்டைச் சுற்றி, உச்சியில் கறுப்பு வாளியைக் கவிழ்த்திருந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தொப்பி போட்ட ஒரு மனிதர் வேலியில் சாய்ந்து நின்றார். திமிராகத்தான் நின்றார்.

சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. இந்தக் கண்ணோடுதான் அந்த லாரியைத் தாண்டினோம்.

"அண்ணே, அவருக்குக் கண்ணு தெரியல."

மர்ட்டி எஞ்சினை அணைத்தார். செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொன்னேன்.

"ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு. காலைல ஆறு மணிக்கே வந்து நிப்பேன்."

"கேக்க மாட்டாரு. நீங்களே போய்ச் சொல்லுங்களேன்."

"நானா போய், உங்களுக்குக் கண்ணு தெரியலியாமே, ஏறுங்கன்னா? செருப்பால அடிச்ச மாதிரி ஆகாதா? பனியில எங்க வீட்டுக்காரிய பிரசவத்துக்குக் கொண்டுபோன மனுசன் அவரு."

"அப்ப நீங்க மட்டும் அவரக் கேட்டீங்களே?"

"எங்க கேட்டேன்? டாக்டரத் தேடி ரோட்டுல ஓடிட்டிருந்தேன். அவரா நிறுத்தினாரு. ரோட்டுல போறவன ஏத்தறதுக்குக் கேக்க வேற செய்யணுமா?"

என்னை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டார். பத்து நிமிஷத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. திரும்பி நடந்தேன், திரும்பவும் ஒரு கார் நின்றது.

சனிக்கிழமை மாமா தானாகவே, "நானும் வரேன், மேகத்துல நீ வழி தவறிடுவ" என்றார். வீட்டுக்குப் பின்னால் ஆடு மேய்கிற சரிவு வழியாகவே ஏறினோம். நல்லவேளை, அதில் கார் வராது. பூட்ஸும் குச்சியும் வைத்திருந்த நான் மூன்று முறை சறுக்கினேன். அவர் கோட்டுப் பையில் கைவிட்டபடி, தன் சமையலறையில் நடக்கிற மாதிரி நடந்தார். எந்தக் கல் ஆடும், எங்கே சேறு முழங்கால் வரை போகும் என்பதெல்லாம் காலுக்கே தெரிந்திருந்தது. ஆடுகளைச் சத்தத்தை வைத்தே எண்ணினார். பாதி மலையில் மேகம் எங்களை மூடியது. சொல்வதற்கு வேறு இடம் கிடைக்காது என்று தோன்றியது.

"மாமா, வளைவுல நிக்கறது மர்ட்டி இல்ல. தண்ணி டேங்க்."

நின்றார்.

"கோட்டு?"

"பழைய மழைக்கோட்டு. குழாய்க்குச் சுத்தியிருக்கு."

"தொப்பி?"

"வாளி."

ஒரு கல்லைத் தடவிப் பார்த்து அதில் உட்கார்ந்தார். ஒரு ஆடு எங்கேயோ இருமியது.

"அப்ப அவன் இந்த ரெண்டு வருஷமா எங்க இருந்தான்?"

"உங்க எதிர்லதான் வந்துட்டிருந்தாரு. விரலத் தூக்கிட்டு."

நான் இதுதான் சமயம் என்று, மர்ட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். "ரெண்டு வருஷம் டேங்குக்கு வணக்கம் வெச்சுட்டு, இப்ப போய் அவன் காரக் கேக்கவா? முன்னாடின்னாலும் கேட்டிருக்கலாம்."

அங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று. நான்கு நாள் எரிச்சலும் ஏழு கோப்பைத் தேநீரும் சேர்ந்துகொண்டன.

"கேக்கவே வேணாம் மாமா. யாரையும் ஒண்ணும் கேக்க வேணாம். செவ்வாக்கிழம காலைல ஏழு மணிக்கு ரோட்டுல இறங்கி நடங்க. இந்த ஊர்ல உங்கள ஒருத்தர் நடக்க விட்டா என் பேர மாத்திக்கறேன். ரெண்டு நாளா நடந்து பாத்துட்டேன், முடியல."

"நடக்கவா? எதுக்கு?"

"சும்மா."

"ஆடு இல்லாமயா?"

"ஆடு இல்லாம."

"பைத்தியம்னு சொல்லுவாங்க" என்றபடி எழுந்தார். உச்சிக்குப் போவோமா என்று கேட்டேன். "மேல போனா மட்டும் என்ன, இதே மேகந்தான்" என்று இறங்கத் தொடங்கினார். நெஃபின் உச்சியை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பூசைக்கு யாரோ ஏற்றிக்கொண்டு போனார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் பெட்டியோடு நின்றேன், விமான நிலையத்துக்கு மூன்று கார்கள் போட்டியிட்டன. வீட்டை விட்டு வரும் முன் கடிதம் இருக்கிறதா என்று படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்திருந்தேன். கடிதத்தோடு கார் சாவியும் இருந்தது. நான் கேட்கவில்லை, அவரே வைத்திருக்கிறார். குச்சிகளைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு வந்தேன்.

செவ்வாய் அன்று எனக்கு வேலை ஓடவில்லை. சாவியை மறுபடி எடுத்திருப்பாரோ, மலையில் போய்ப் படுத்துவிட்டாரோ, நடந்து எந்த லாரிக்கு முன்னால் போய் நின்றாரோ. மர்ட்டியின் குரல் செய்தி மதியம் வந்தது.

"காலைல ஏழு மணி தாயி. வளைவுல டேங்க் பக்கத்துல ஒரு ஆளு. பூசைக்குப் போடற சூட்டு, கழுத்துல டை, கையில உன் ரெண்டு குச்சி. எங்கன்னு கேட்டேன். நடக்கறேன்னாரு. ஏறுங்கன்னேன். வேணாம், காத்து வாங்கத்தான் வந்தேன்னாரு. மூணு தடவ சொன்னாரு. நாலாவதுக்கு ஏறினாரு. நாப்பது மைலும் வாயே திறக்கல. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கறப்ப, 'உன் டேங்க் சௌக்கியமா'ன்னு கேட்டாரு. பேண்டேஜோட வீட்டுல விட்டுட்டேன். நல்லாருக்காரு."

பத்து நாள் கழித்து மாமாவே கூப்பிட்டார். அவராக என்னைக் கூப்பிட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் முறை. கண் எப்படி இருக்கிறது என்றேன். "உன் கண்ணுக்கு என்ன" என்றார். பிறகு, மர்ட்டிக்கு இவ்வளவு நரைத்துவிட்டதே, யாரும் சொல்லவே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். கடைசியில், போனால் போகிறது என்கிற மாதிரி, அடுத்த கண்ணுக்கும் தேதி வந்துவிட்டது, ஆகஸ்டில் என்றார்.

"யாரு மாமா கூட்டிட்டுப் போறாங்க?"

"ஆகஸ்ட் இன்னும் வரலியே."

"மர்ட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு?" என்றார். "குச்சி ரெண்டும் கதவுக்குப் பின்னாலதான் இருக்கு."